வண்டியை விட்டு இறங்காத பரிசோதனை

கொரீன் கல்லில் ப்ளோய் என்கிற அந்த ஊர்த் தோசைக்கு மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ஆறு உறைந்து கிடந்தது. அக்கரையில் கனடாக்காரர்களின் வீடுகள் புகை விட்டுக்கொண்டிருந்தன. மெய்ன் மாநிலத்தின் அந்த வடகோடியில் நாலைந்து ஊர்களுக்குப் புகைபோக்கி சுத்தம் செய்கிறவள் அவள் ஒருத்திதான். ஜனவரியில் அவளுக்குப் போன் வந்தால் நலம் விசாரிக்க வராது.

"கொரீன், நார்மன் பேசறேன். அடுப்பு அடங்க மாட்டேங்குதும்மா."

"அடங்கலேன்னா? சூட்டு முள் எங்க நிக்குது?"

"சிவப்பைத் தாண்டிப் போயிடுச்சு. குழாய் அடியில லேசா செவக்குது."

அவள் கல்லை இறக்கி வைத்தாள். நார்மனுடையது வினையூக்கி வைத்த விறகடுப்பு. புகையை வீணாக மேலே விடாமல், உள்ளே இருக்கும், தேன்கூடு போலத் துளைகள் உள்ள கட்டி ஒன்றில் மறுபடி எரித்துச் சூடாக்கும். ஒழுங்காக இருந்தால் பாதி விறகு போதும். தறிகெட்டுப் போனால் வீட்டையே கொளுத்திவிடும்.

"என்ன போட்டீங்க உள்ளே?"

"கொட்டகையில முப்பது வருஷமா கிடந்துதே, உருளைக்கிழங்கு பீப்பா. அதை உடைச்சுப் போட்டேன்."

"எத்தனை?"

"ரெண்டு. இல்ல, மூணு. விறகு ஈரம், கொரீன். லூசி குளிருதுன்னா."

உருளைக்கிழங்கு விளையும் அந்த ஊரில் பீப்பாய்ப் பலகையை அடுப்பில் போடாத வீடே கிடையாது. பழைய அடுப்புகளுக்கு அது சர்க்கரைப் பொங்கல். இந்தப் புது அடுப்புக்கு அதுவே பெட்ரோல். எலும்பாகக் காய்ந்த தேவதாருப் பலகை ஒரே மூச்சில் புகையைக் கக்கும், கட்டி அத்தனையையும் எரித்துத் தானும் தணலாகும். தெரிந்து யார் செய்வார்கள்?

"காத்துக் குமிழை முழுசா மூடுங்க."

"அப்பவே மூடிட்டேன். இன்னும் உறுமுது."

"சாம்பல் கதவு?"

"மூடித்தான் இருக்கு. ஒரு வாளி பனியை அள்ளிக் கொட்டட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அண்ணே. இரும்பு வெடிச்சுடும். கதவையும் திறக்காதீங்க."

காற்றை மூடியும் அடங்கவில்லை என்றால் வேறெங்கிருந்தோ காற்று போகிறது. கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு கட்டிதட்டித் தேய்ந்து போயிருக்கும். அந்தக் கயிற்றைப் பார்த்திருக்க வேண்டியவள் அவள்தான்.

செப்டம்பரில் நடந்தது அது. வருடாந்திர அடுப்புப் பரிசோதனைக்கான இன்ஷூரன்ஸ் படிவத்தோடு அவள் நார்மன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது, அவர் பெரிய பொட்டலத்தோடு ஓடி வந்தார். அந்த வருடம் குலுக்கலில் அவருக்கு மூஸ் மான் வேட்டைச் சீட்டு விழுந்திருந்தது. பத்து கிலோ கறி. "நாலு வருஷத்து அடுப்புதானே, அதுல என்ன பாக்கப் போற" என்று சிரித்தார். அன்றைக்கு அவளுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. படிவத்தில் இருபத்திரண்டு கேள்வி. கதவில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தீர்களா, நோட்டு கையோடு வராமல் நின்றதா என்பது ஒன்பதாவது. அவள் ஸ்டீயரிங்கின் மேலேயே காகிதத்தை வைத்து எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுக் கையெழுத்திட்டாள். அவளைக் கேட்டால் அது லஞ்சம் இல்லை, ஊர்க்காரர் பாசம். பாசத்துக்கு வேறு பெயர் இருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

"அண்ணி எங்கே படுத்திருக்காங்க?" வேன் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

"அடுப்புக்குப் பக்கத்துலதான். நவம்பர்லயே கட்டிலை இங்க கொண்டாந்துட்டோம்."

நார்மனின் மனைவி லூசிக்கு நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின். நெருப்புக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன்.

"மெஷினை நிறுத்துங்க. குழாயைக் கழட்டுங்க. அண்ணியைக் கம்பளியில சுத்தி உங்க வண்டில ஏத்துங்க."

"வண்டி கிளம்பாது. ராத்திரி என்ஜின் உறையாம இருக்க ஹீட்டர் ப்ளக்கைக் குத்த மறந்துட்டேன்."

"அப்ப பின்கட்டு அறைக்குக் கொண்டு போங்க. இதோ வந்துட்டேன். தீயணைப்புக்குச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன். வண்டி வேற ஊர்ல ஒரு விபத்துக்குப் போயிருக்காம். முக்கால் மணி நேரம் ஆகுமாம்."

ஆறு கிலோமீட்டர் பனிச்சாலை. வேன் இரண்டு முறை வழுக்கியது. வழியெல்லாம் அவள் கண் தொடுவானத்தில் கரும்புகையைத் தேடியது. கடவுளே, அந்த வீடு நிற்கட்டும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

வீடு நின்றது. பின்கட்டில் லூசி தரையில் சாய்ந்து, உதடு நீலம் பாரித்து, மீனைப் போல மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தாள். கொரீனும் நார்மனும் அவளைத் தூக்கிச் சூடாக இருந்த வேனில் கிடத்தினார்கள். நார்மன் ஆக்சிஜன் கைச்சிலிண்டரை எடுத்து வந்து மாட்டினார்.

"அண்ணே, நீங்க இங்கேயே இருங்க. பின்னாடி வராதீங்க."

உள்ளே போனால் முகம் தீய்ந்தது. சுவர்ப் பலகையில் வண்ணம் கொப்பளித்திருந்தது. அவள் தோல் கையுறையை மாட்டி, கதவு விளிம்பில் குனிந்து பார்த்தாள். தாழ்ப்பாள் பக்கம் விரல் நகம் அளவு இடைவெளி. அதன் வழியே உள்ளே நெருப்பு தெரிந்தது. வேனிலிருந்து கொண்டு வந்த கண்ணாடி இழைக் கயிற்றை வெட்டி, பட்டைக் கத்தியால் அந்த இடைவெளியில் திணித்தாள். கையுறை புகைந்தது. ஒரு சாண், இன்னொரு சாண். உறுமல் மெல்ல இறங்கி, சீறலாகி, அடங்கியது. முள் அசையாமல் நின்றது. பிறகு மயிரிழை கீழே வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தீயணைப்புத் தன்னார்வலர்களின் தலைவன் எமிலியன் வந்து சேர்ந்தபோது அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. அவன் புகைபோக்கியை மேலிருந்து கீழ்வரை பார்த்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, ஆபத்து இல்லை என்ற பிறகுதான் லூசியை அடுப்பு இருந்த சமையலறைக்கே கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவன் மேசையில் அறிக்கைத் தாளை விரித்தான்.

"கடைசியா எப்போ பரிசோதனை ஆச்சு?"

"செப்டம்பர்ல" என்றார் நார்மன் அவசரமாக. "கொரீன் அக்கு வேறு ஆணி வேறா பாத்தா. தப்பு என்னோடதுப்பா. பீப்பாயை எரிச்சது நான்."

எமிலியன் எழுதத் தொடங்கினான். கொரீனுக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், முடிந்தது. கிழவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், இன்ஷூரன்ஸும் வாயைத் திறக்காது. அவள் சும்மா இருந்தால் போதும். ஆனால் கட்டிலில் இருந்து லூசி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதாத எமிலியன்" என்றாள் கொரீன். "நான் அன்னைக்கு வண்டியை விட்டே இறங்கல. மூஸ் கறியை வாங்கிட்டு, உக்காந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டேன்."

எமிலியன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தான். "அக்கா, யோசிச்சுப் பேசுங்க. எழுதிட்டா உங்க லைசென்ஸ் போயிடும்."

"எழுது."

நார்மன் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தானே கறியைத் திணிச்சேன்" என்று முணுமுணுத்தார்.

லூசி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, விட்டு விட்டுப் பேசினாள். "நவம்பர்ல இவர் கேட்டார், அடுப்புப் பக்கத்துல கட்டில் வேணுமா, பயமா இருக்குன்னு. நான்தான் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். கொரீன் பாத்துட்டா, இங்கேயே போடுங்கன்னு சொன்னேன். அன்னைக்கு நீ 'சரியில்ல'ன்னு எழுதியிருந்தா இவர் ரெண்டு நாள் உன்னை முறைச்சிருப்பார். அவ்வளவுதான். பாக்காம 'சரி'ன்னு எழுதினியே, அது உதவி இல்லம்மா. என்னைக் கொல்லப் பாத்தது அந்தக் காகிதம்."

கறிக்குப் போட்டாலும் காசுக்குப் போட்டாலும் பாசத்துக்குப் போட்டாலும், பார்க்காமல் போட்ட கையெழுத்து பொய்தான். அதை நம்பி ஒருவர் கண்ணை மூடித் தூங்குகிறார். இது கொரீனுக்கு அந்தச் சமையலறையில்தான் உறைத்தது.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் இறங்காமலே கையெழுத்திட்ட வீடுகள் இன்னும் பதினான்கு. எல்லா வீட்டிலும் இந்நேரம் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அவள் கருகிய கையுறையைக் கழற்றிவிட்டு போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினாள்.

"நான் கொரீன் பேசறேன். உங்க அடுப்பை நான் பாக்கவே இல்ல. இப்ப வந்துக்கிட்டிருக்கேன்."