கழுவக்கூடாத கற்கள்

மீன் தொட்டியின் பழைய ஸ்டாண்ட், நின்று பார்ப்பவர்களுக்காகச் செய்தது. பக்கவாதம் வந்து ஹாலில் கட்டில் போட்ட பிறகு, படுத்தபடி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மரக்கதவும் உப்புத் தண்ணீரில் ஊறிப்போன கால்களும்தான். பேச்சும் போய்விட்டது. எதிலும் முகம் கொடுக்காமல் கிடந்தார். மீன்களைப் பார்த்தாலாவது மாறுவார் என்று நினைத்து, மனைவி கட்டில் உயரத்துக்கு ஓர் இரும்பு ஸ்டாண்ட் செய்யச் சொன்னாள். இத்தனை வருஷமாக அந்தத் தொட்டியில் அவரைத் தவிர வேறு யாரும் கை விட்டதில்லை.

தொட்டியைப் புது ஸ்டாண்டுக்கு மாற்ற ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி வந்தான். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீரை டிரம்மில் இறக்கினான். நாக்கில் பட்டதைத் துப்பிக்கொண்டே நிமிர்ந்தான்.

"அண்ணன் வாராவாரம் இதையா குடிச்சாரு, அண்ணி?"

"அவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. நீங்கதான் அவசரக் குடுக்கை."

இரண்டு கோமாளி மீன்களையும் தொட்டித் தண்ணீரோடு வாளியில் விட்டு, காற்றுக் குழாய் போட்டுத் துண்டால் மூடினார்கள். தொட்டிக்குள் கிடந்த கற்களை, அவருடைய அக்காவான நாத்தனார் ஏற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இவர் பக்கவாதத்தில் விழுந்த மறுவாரமே வந்து தங்கிவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டில் கதவுக் கைப்பிடிகூடப் பளபளத்தது.

"கல்லா இது? பாசியும் புழுவும். குடுங்க, என் கை பட்டா நோயாளியே எழுந்து ஓடுவான்."

"மீன் ஓடாதுக்கா, நீந்தும்," என்றான் தம்பி.

நாத்தனார் கற்களைச் சமையலறைத் தொட்டிக்குத் தூக்கிப் போய், குழாயைத் திறந்து, பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். ஊதா நிறப் படலம் உரிந்து ஓடியது.

அப்போது கட்டில் கம்பியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அவருக்கு மிஞ்சிய ஒரே பேச்சு அது. சத்தம் கேட்டால் வீட்டில் மூன்று கேள்விகள் வரிசையாக வரும். சரியானது வந்ததும் ஒரு தட்டு தட்டுவார்.

மனைவி ஓடிவந்து கேட்டாள். "தண்ணி வேணுமாங்க? பாத்ரூமா? தலகாணிய நிமித்தட்டுமா?"

மூன்றுக்கும் கரண்டி பேசவில்லை. அவள் திரும்பியதும் மறுபடி தட்டினார், விடாமல்.

"பிபி ஏறியிருக்கும், இரு வரேன்," என்று நாத்தனார் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

மனைவி அவர் தலையைத் திருப்பிவிடக் குனிந்தாள். கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, சமையலறைக் குழாயடியில் நின்றிருந்தன. எப்போதோ தொட்டிக்குள் கையை விட்டபடி அவர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது: இந்தத் தண்ணிய சுத்தமா வெச்சிருக்கிறது நான் இல்ல, கல்லுல இருக்கிற கிருமி.

"கல்லக் கழுவக் கூடாதா?"

ஒரே ஒரு தட்டு.

"அக்கா, குழாய மூடுங்க. அந்தக் கல்லுல இருக்கிற கிருமிதான் மீனக் காப்பாத்துதாம்," என்று மனைவி சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"கிருமியா?" நாத்தனார் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றார். பின்னால் பாதிக் கற்கள் எலும்பு நிறத்தில் கிடந்தன. "எத்தன வருஷமா அதக் கொல்றதுதானே எனக்கு வேல," என்றார், யாரிடமும் சொல்லாதது போல.

காலித் தொட்டியை இருவர் தூக்கிப் புது ஸ்டாண்டில் வைத்தார்கள். கழுவாத கற்களை மனைவி ஒவ்வொன்றாக உள்ளே பிடித்தாள். "இங்கயா? இன்னும் இந்தப் பக்கமா?" கரண்டி சொன்ன இடத்தில் வைத்தாள். உடம்பைப் பற்றி அல்லாமல் அவரிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு உறைத்தது.

நாத்தனார் வெளுத்த கல் ஒன்றை எடுத்து வந்தார். "இதையும் வெக்கலாமாடா?"

சத்தமில்லை. அதைச் சமையலறைத் தொட்டியிலேயே திருப்பி வைத்தார்.

பழைய தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டார்கள். பெரியது கல்லிடுக்குக்குள் போனது. சின்னது மணலில் ஒருக்களித்து விழுந்தது. நாத்தனார் வலையை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினார்.

"எடுத்துடட்டுமாடா?"

அவர் மீனைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கரண்டி கையில்தான் இருந்தது, தட்டவில்லை.

நாத்தனார் வலையைக் கீழே வைத்தார். கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டவர், படுத்திருப்பவருக்கு மறைக்கிறதே என்று ஓரமாக நகர்த்தி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த அதே கவனத்தோடு, மீனின் செவுளைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மூச்சு இருக்குடா," என்றார்.