இன்ஜின் மூடி

மெக்கானிக் படகின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி இன்ஜின் மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என் மகனிடம், "பேட்டரி செத்துப்போச்சு சார். அதான் மூடி எழும்பல. பேட்டரிய மாத்தலாம்னா அது மூடிக்கு அடியில இருக்கு" என்றார்.

"நல்லா இருக்கு கதை" என்றான் மகன்.

படகை வாங்குகிறவர் மதியம் வருகிறார். இன்ஜினைப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? மகன் வெளியூரில் இருக்கிறவன், இதற்கென்றே லீவு போட்டு வந்திருக்கிறான். அப்பா போன பிறகு படகு துறையில் கட்டிக் கிடந்து பாழாகிறது, அம்மா இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்பது அவன் நியாயம். நியாயம்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

"யாரும் தொடாம கிடந்த படகுன்னு சொல்றீங்க. அப்படின்னா பேட்டரி இப்படி ஒட்டத் துடைச்ச மாதிரி இறங்காதே" என்றார் மெக்கானிக். நான் கட்டுக்கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டது நான்தான்.

இந்தப் படகை என் சக்களத்தி என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையானால் மனுஷன் இவளிடம்தான் கிடப்பார். சண்டை போட்டு அலுத்துப்போய் நானும் கூடவே வர ஆரம்பித்தேன். எனக்கு இங்கே ஒரே ஒரு உத்தியோகம். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற பொத்தானை அழுத்துவது. அவர் பின்னால் நின்று "தூக்கு" என்பார், அழுத்துவேன். மூடி முனகிக்கொண்டே எழும்பும். உள்ளே இறங்கத் தோதாக வந்ததும் "போதும்" என்பார், விட்டுவிடுவேன். சீட்டின் முதுகு மறைப்பதால் நான் நிற்கிற இடத்திலிருந்து மூடி தெரியாது. அவர் குரலை நம்பித்தான் வேலை. எங்கள் குடும்ப வாழ்க்கையில் சண்டை இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைப்பக்கத்தைத் தூக்க அதே மாதிரி ஒரு பொத்தான் இருந்தது. கடைசிச் சாயங்காலம் நான்தான் அழுத்தினேன். மூச்சு விட வசதியாக வந்ததும் "போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அதனால்தான் சாயங்காலங்களில், நடந்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்துவிடுவேன். பொத்தானை அழுத்துவேன். மூடி முனகும். அவர் சொல்கிற நேரம் வந்ததும் நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டு விரலை எடுப்பேன். மூடியை இறக்கிவிட்டு மறுபடியும் தூக்குவேன். ஒருநாள் இறங்கியது, அப்புறம் எழும்பவில்லை. அன்றைக்கு அழுத அளவு அவர் போன அன்றைக்குக்கூட நான் அழவில்லை.

மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து எதையோ பிரித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "சுவிட்சு ஒயரு மெல்லிசு, அது வழியா கரண்ட் குடுத்தும் பிரயோஜனம் இல்ல சார். மூடியில ஓட்டை போட்டுக் கைய விட்டு, மூடியத் தூக்குற மோட்டார் தண்டுல இருக்கிற ஆணிய உருவணும். அப்புறம் கையாலயே தூக்கிடலாம்."

எனக்கு வேறு வழி தெரியும். முன்பு ஒருமுறை நடுக்கடலில் இதே மாதிரி மாட்டிக்கொண்ட பிறகு, என் வீட்டுக்காரர் பேட்டரியிலிருந்து இரண்டு தடித்த ஒயரை இழுத்து ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார். வெளியிலிருந்து வேறு பேட்டரியை அதில் மாட்டினால் மூடி எழும்பும். திருடனுக்கு வசதியாகிவிடும், யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லி வைத்தார். நான் விடவில்லை. மூடி திறக்காவிட்டால் வாங்குகிறவர் வந்த வழியே போய்விடுவார். படகு இங்கேயே நிற்கும்.

மெக்கானிக் மூடியின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வருஷா வருஷம் என் வீட்டுக்காரர் மண்டி போட்டுத் தேய்த்து மெருகேற்றிய வெள்ளை. "போடுங்க" என்றான் மகன். துளைக்கிற மிஷின் கிர்ரென்றது. கொஞ்சம் வெள்ளைத் தூள் காற்றில் பறந்தது.

"நிறுத்துங்க தம்பி" என்றேன். "சீட்டுக்கு அடியில, மிதவைச் சட்டைக்குப் பின்னால ரெண்டு ஒயர் இருக்கு. கறுப்பு டேப் சுத்தியிருக்கும்."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சிருந்தும் ஏம்மா சொல்லல?"

நான் குனிந்து மிதவைச் சட்டையை இழுத்து வெளியே போட்டேன்.

மெக்கானிக் தான் கொண்டுவந்திருந்த பேட்டரியை அந்த ஒயர்களில் மாட்டி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "யாராவது அந்தப் பொத்தான அழுத்துங்க" என்றார். மகன் வருவதற்குள் நான் போய் நின்றுவிட்டேன்.

அழுத்தினேன். மூடி முனகிக்கொண்டே எழும்புவது கேட்டது. மகன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் "போதும்" சொல்வான் என்று காத்திருந்தேன். அவனுக்கு எப்படித் தெரியும்? மோட்டார் அதன் எல்லைக்குப் போய் முட்டிக்கொண்டு வேறு குரலில் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். சீட்டின் முதுகுக்கு மேலே, நான் அங்கிருந்து ஒருநாளும் பார்த்திராத அந்த மூடி முழுதாக நிமிர்ந்து நின்றது. அதன் நடுவில் பென்சில் வட்டமும், வட்டத்துக்குள் ஒரு சிறு துளையும். விரலை நான் இன்னும் எடுக்கவில்லை.