ஐம்பது மீட்டர் தள்ளி

மூன்றாவது குழியைத் தோண்டச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதல் இரண்டிலும் கேபிள் கீறல்கூட இல்லாமல் படுத்திருந்தது. மேஸ்திரி கடப்பாரையை நிலத்தில் ஊன்றிவிட்டு, "மீட்டரக்கா, அடுத்தது எந்த ஊர்ல தோண்டணும்?" என்று கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள். சலவைக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கடை வாசலில்தான் மண் குவிந்து கிடந்தது.

பூமிக்கடியில் ஓடும் கண்ணாடிக் கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு முனையில் மீட்டரை மாட்டி உள்ளே ஒளியைத் துடிப்பாக அனுப்புவாள். அறுந்த இடத்தில் முட்டி அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதை வைத்து மீட்டர் தூரத்தைச் சொல்லும். இன்று சொன்னது இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது மீட்டர். அறுந்ததோ ஆஸ்பத்திரிக்குப் போகும் இன்டர்நெட் லைன். அங்கே பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருந்தது அவளுடைய நாத்தனார். காலையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு போன்.

"அண்ணி, ஸ்கேன் படம் எதுவும் டாக்டருக்குப் போகல. கூட்டம் என்னைத்தான் பிச்சுப் புடுங்குது. இன்னும் எவ்வளவு நேரம்?"

"இதோ ஆயிடும்" என்று இதுவரை ஏழு தடவை சொல்லியாகிவிட்டது. எட்டாவது தடவை போன் அடித்தபோது எடுக்கவில்லை.

வேனுக்குள் ஏறி மீட்டரில் பதிந்திருந்த அளவை மறுபடி பார்த்தாள். அதே எண். கேபிள் பாதையின் வரைபடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இறங்கினாள், ஏறினாள். கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. ஐந்தாவது முறை திரையை முறைத்தபோதுதான் மூலையில் பொடி எழுத்தில் இருந்த எண் கண்ணில் பட்டது: 1.5000.

அது ஒளிவிலகல் எண். காற்றில் போகும் வேகத்தில் கண்ணாடிக்குள் ஒளி போகாது. எத்தனை மடங்கு மெதுவாகப் போகும் என்பதை அந்த எண்தான் மீட்டருக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கேபிளுக்கு 1.468. போன வாரம் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய சுருளைச் சோதிக்க 1.5 வைத்தவள் அவளேதான். திருப்பி மாற்ற மறந்தவளும் அவளே. ஒளி இன்னும் மெதுவாகப் போவதாக நம்பிய மீட்டர் தூரத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. எண்ணை மாற்றினாள். இரண்டாயிரத்து நானூற்றொன்று.

கேபிள் மேல் பழியைப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நொடி தோன்றியது. வேனை விட்டு இறங்கி மேஸ்திரியிடம் போனாள்.

"தப்பு என்னோடதுதாண்ணே. நம்பரை மாத்தாம விட்டுட்டேன். இன்னும் அம்பது மீட்டர் தள்ளித் தோண்டணும்."

திட்டுவார் என்று நினைத்தாள். அவருக்கோ வேறு சந்தேகம். ஒளி மெதுவாகப் போனால் அதன் நிறமும் மாறிவிடாதா என்று கேட்டார்.

"மாறாதுண்ணே. தார் ரோட்டுல வர்றவன் சேத்துல இறங்குறான்னு வைங்க. நிமிஷத்துக்கு எத்தனை அடி வச்சானோ அத்தனையேதான் வைக்கிறான். ஆனா ஒவ்வொரு அடியும் குட்டையாயிடுது, அதனால மெதுவாப் போறான். ஒளியும் அப்படித்தான். அலையோட நீளம் குறையும், எண்ணிக்கை குறையாது. நிறம் அந்த எண்ணிக்கையிலதான் இருக்கு."

"சேத்துல நடக்கிறதைப் பத்தி எங்ககிட்டயேவா?" என்றார் மேஸ்திரி. ஆனால் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டார்.

ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு மருந்துக்கடை. வாசலில் அன்று காலை நட்ட விளம்பரப் பலகை பளபளவென்று நின்றது. தோண்டிப் பார்த்தால், அதன் இரும்புக் கால் நேராகக் கேபிளுக்குள் இறங்கியிருந்தது. கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. குழிக்குள்ளேயே உட்கார்ந்து முடியிழை மாதிரி இருந்த கண்ணாடி நூல்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். இரண்டை மறுபடி வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. ஒன்றே கால் மணி நேரத்தில் லைன் உயிர் பெற்றது. நாத்தனாருக்குத் தானே போன் செய்து சொன்னாள்.

மாலையில் அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். மேலதிகாரி படித்துவிட்டு, வரைபடம் சரியில்லை என்று எழுதினால் போதுமே, இது எதற்கு என்று கேட்டார்.

"வரைபடம் சரியாத்தான் இருந்துச்சு சார்."

அவர் தோளைக் குலுக்கி, விளக்கம் கேட்டு மெமோ ஒன்றை அடித்து நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. வீணாகத் தோண்டிய இரண்டு குழிகளும் மனசை விட்டுப் போகாததில் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே போனாள்.