குழாய்க்காரருக்குச் சீப்பு

கவுன்சிலர் தேர்தலில் நிற்க வேண்டும் என்று குழாய்க்காரர் கனவிலும் நினைத்ததில்லை. மனுத்தாக்கலின் கடைசி நாளன்று தேர்தல் அலுவலகத்தில் கை கழுவும் தொட்டி ஒழுகியது. சரிசெய்யப் போனார். வேலை முடிந்ததும் குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். வேலை முடிந்ததற்கான சீட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே இன்னும் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. போடாவிட்டால் தண்ணீரை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, வரிசையில் நின்ற பத்துப் பேரும் மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சின்னம், சீப்பு.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"எதுல கையெழுத்துப் போடறோம்னு படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

"கை ஈரமா இருந்துச்சு. கண்ணாடிய எடுக்க முடியல."

"வாபஸ் வாங்கிடுங்க."

"கேட்டுட்டேன். அது நேத்தோட முடிஞ்சு போச்சாம்."

அந்த வார்டில் மூன்று தேர்தலாக ஒரே கவுன்சிலர்தான். 'நிரந்தரம்' என்று பட்டப்பெயர். முதல்முறை ஜெயித்த கையோடு பஸ் நிறுத்தத்தைத் தன் வீட்டுக்குள் மாற்றிவிட்டார். மக்கள் வெயிலில் நிற்கக் கூடாதாம். பஸ் பிடிக்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, பஸ் வரும்வரை அவர் மகளின் கல்யாண வீடியோவைப் பார்க்க வேண்டும். பாதியில் யாராவது எழுந்தால் மனம் நொந்து போய்விடுவார். அவருக்காகவே, வந்து நிற்கும் பஸ்ஸைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது. ஆனாலும் ஜெயித்தார். எதிர்த்து நின்ற தையல்கடைக்காரரும் டிரைவிங் ஸ்கூல்காரரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். வார்டின் கோபத்தை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் மார்க் விவரமெல்லாம் சொல்லி முடித்த பிறகு, டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"போன தடவை கவுன்சிலருக்கு நானூத்திப் பத்து ஓட்டு. மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு முன்னூத்தித் தொண்ணூறு. அந்த ரெண்டையும் கூட்டினா என்ன வரும்?"

பெற்றோர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து சலூன்காரர் மட்டும் கை தூக்கினார்.

"எழுநூத்தி எண்பது, டீச்சர்."

"அப்ப எல்லாரும் ஒரே ஆளுக்குப் போட்டா?"

"எந்த ஆளுக்கு?" என்று யாரோ கேட்டதும் சண்டை மூண்டது. டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் போடுவதற்குப் பதில் கல்யாண வீடியோவையே பார்த்துத் தொலைக்கிறோம் என்றது தையல்கடைப் பக்கம். அந்தப் பக்கமும் அதையேதான் சொன்னது.

சலூன்காரர் மறுபடியும் கை தூக்கினார். "டீச்சர், உங்க வீட்டுக்காரரும் நிக்கிறாராமே. ஆள் எப்படி?"

கூட்டம் யோசித்தது. குழாய்க்காரர் வந்து போகாத வீடே கிடையாது. ஆனால் எல்லோரும் பார்த்தது தொட்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைத்தான். முகம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆகவே அவர்மேல் ஒருவருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

போஸ்டரில் அந்தக் கால்களையே போட்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நிரந்தரத்தின் சின்னம் குழாய். "குழாய்க்காரருக்குப் போடணும்னா குழாய்ல குத்தாதீங்க, சீப்புல குத்துங்க" என்று வீடுவீடாகப் பாடம் நடந்தது. பல் டாக்டர் நோயாளி வாயைத் திறந்திருக்கும்போது சொல்லிக்கொடுத்து, "சீப்பு" என்று திருப்பிச் சொன்ன பிறகே பஞ்சை வெளியே எடுத்தார்.

தையல்கடைக்காரர் டீச்சரைத் தேடி வந்தார்.

"எனக்கு ஒரு ஓட்டுகூட வேணாம், டீச்சர். ஆனா அந்த டிரைவிங் ஸ்கூலுக்கும் ஒண்ணு விழக் கூடாது."

"விழாது. உங்க ஓட்டு எதுக்கு?"

"சீப்புக்குத்தான். வேற என்ன செய்ய?"

அவர் போன பத்தாவது நிமிடம் டிரைவிங் ஸ்கூல்காரர் வந்து, தையல்கடையைக் குறித்து அதே வேண்டுதலை வைத்துவிட்டுப் போனார்.

விஷயம் காதில் விழுந்ததும் நிரந்தரம் தன் வீட்டுச் சமையலறைத் தொட்டி ஒழுகுவதாகச் சொல்லிக் குழாய்க்காரரை வரவழைத்தார். அவர் அடியில் நுழைந்து படுத்ததும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னை எதிர்த்து நிக்கிறியாமே?"

"நிக்கலைங்க. நிறுத்திட்டாங்க. என் ஓட்டு எப்பவும் குழாய்க்குத்தான். சோறு போடற தொழிலாச்சே."

நிரந்தரத்துக்கு உயிர் வந்தது. வேட்பாளரே தனக்குப் போடாத ஒருவருக்கு வேறு எவன் போடுவான்? பிரசாரத்துக்குப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

எண்ணி முடித்தபோது சீப்புக்கு ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு. குழாய்க்கு இரண்டு. தையல்கடைக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கும் ஒன்றுமில்லை; இருவரும் மற்றவரின் பூஜ்யத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

நிரந்தரத்தின் வீட்டில் மட்டும் ஏழு ஓட்டு. அவர் வீட்டுக்குப் போய்க் கத்தினார். மனைவி அசையவில்லை.

"கூடம் பூரா எப்பப் பார்த்தாலும் ஜனம். நின்னு தலை சீவ எனக்கு ஒரு இடம் இருக்கா? சீப்புக்குத்தான் போட்டேன். பிள்ளைங்களையும் நான்தான் போடச் சொன்னேன்."

ஒரு ஓட்டு அவருடையது. இன்னொன்று யாருடையது என்று உறுதி செய்துகொள்ள நேரே குழாய்க்காரர் வீட்டுக்கு நடந்தார். புதுக் கவுன்சிலர் வாழ்த்த வருகிறவர்களுக்குப் பயந்து, ஒழுகாத தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"அந்த ரெண்டாவது ஓட்டு...?"

"நான்தாங்க. சொன்னேனே."

வாசற்படியில் நின்ற டீச்சர் கையிலிருந்த தட்டை டொக்கென்று வைத்தார். "ஊருக்கே புரிஞ்ச கணக்கு உங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது. ஆனா எனக்கு நானே போட்டுக்க வெக்கமா இருந்துச்சு."

டீச்சர் தட்டை மறுபடியும் எடுத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நிரந்தரம் தரையில் உட்கார்ந்து, குனிந்து, தொட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். வட்ட முகம், இடது புருவத்தில் ஒரு தழும்பு.

"நீ இப்படித்தான் இருப்பியா?" என்றார்.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தம் தெருவுக்கு வந்தது. நிரந்தரமும் வந்து வரிசையில் நின்றார். பஸ்ஸை இத்தனை வருடமாக ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார், ஏறியதில்லை. ஏறியதும் கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"இது எங்கெல்லாம் போகும்?"

கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். நிரந்தரம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில், மடியில் கருவிப் பையோடு இருந்த குழாய்க்காரர், ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து நகர்ந்து உட்கார்ந்தார்.