ஈயிடம் தோற்றவள்

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்த முதல் ஆள் செங்கொடி. பழ ஈயின் செல்களில் ஆராய்ச்சி. ஈ ஓட்டுகிற வேலையா என்று கேட்டவர்களிடம் முதலில் கோபப்பட்டாள். பிறகு அவளே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஒரு செல் இரண்டாகும்போது குரோமோசோம்கள் சரிசமமாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம்தான் அதற்குப் பிடிமானம். அங்கேதான் இழைகள் பற்றி இரண்டு பக்கமும் இழுக்கும். அது இல்லாவிட்டால் பிரிவினை குளறுபடியாகும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். செங்கொடி அந்தப் புரதம் உண்டாவதையே நிறுத்திப் பார்த்தாள். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் செல்கள் ஒரு குறையுமில்லாமல் பிரிந்துகொண்டிருந்தன.

உலகம் தப்பு, தான் சரி என்று முடிவுகட்ட அவளுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமாயிருந்தது. வழிகாட்டி தேவப்பிரியம் மேடம் ஊரில் இல்லை. அவர் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நீலமேகம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுபவர். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் பேனர் தொங்கியது: ‘உலக விஞ்ஞானிகளை வென்ற எங்கள் செங்கொடி’. அவள் போட்டோவுக்குப் பக்கத்தில், ஈ என்று நினைத்து யாரோ தேனீயைப் போட்டிருந்தார்கள். இரண்டில் தேனீதான் லட்சணமாக இருந்தது.

மறுநாள் வந்த தேவப்பிரியம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அதே செல்களை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். செங்கொடி பார்த்தாள். குரோமோசோம்கள் திக்குக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. சில நடுவழியிலேயே நின்றிருந்தன. ஒரு செல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக, அதன் ஜோடிக்கு ஒன்றுமே இல்லை. புதிய புரதம் வருவதைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள். பழையது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்து, பிரிவுக்குப் பிரிவு பாதியாகி, போதாமல் போன பிறகே வேலையைக் காட்டியிருக்கிறது. அது எப்படிக் குறைகிறது என்று தொடர்ந்து பார்த்து எழுதினால் ஆய்வேட்டுக்கு நல்ல அத்தியாயமாகும் என்றார் தேவப்பிரியம். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் அப்பாவிடம் போய் நின்றாள்.

“அப்போ அந்த ஒலக விஞ்ஞானிங்கோ சொன்னதுதான் கரீட்டா?”

“ஆமா நைனா. பேனர கயட்ட சொல்லு.”

நீலமேகம் யோசித்தார். “இப்ப கயட்டுனா இன்னா ஆச்சுன்னு அல்லாரும் கேப்பாங்கோ. மழ வந்தா தானா கிழியும், வுடு.”

அந்த வருஷம் மழை தாமதம். செங்கொடி தினமும் அடுத்த ஸ்டாப் வரை நடந்துபோய் பஸ் ஏறினாள். ஒருநாள் பஸ்ஸில், பக்கத்து பிளாக்கில் இட்லிக் கடை வைத்திருக்கும் ராஜாத்தி அவளை உற்றுப் பார்த்தாள்.

“பேனர்ல கீற பொண்ணு நீதான? யாரைம்மா ஜெயிச்ச?”

“ஜெயிக்கலக்கா. ஈகிட்ட தோத்துட்டேன். இப்ப அதத்தான் எழுதிகினு கீறேன்.”

ராஜாத்தி சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, பக்கத்து சீட்டிலிருந்த கூடையை மடியில் எடுத்து வைத்து உட்கார இடம் கொடுத்தாள்.