வாத்தியார் களை

"தலைமையாசிரியர் வேஷம்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேனே! இப்ப பியூனா?"

இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டுக் கத்தினாள் மனைவி. கருகல் வாசம் வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

உதவி இயக்குநர் போனில் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார். "என் மூஞ்சில வாத்தியார் களை இல்லையாம். கொஞ்சம் சிவப்பா ஒருத்தர் வேணுமாம்."

இருபத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். அதில் கடைசி நாலு வருஷம் தலைமையாசிரியர். நடிக்க வந்த பின் திருடன், அடியாள், காவலாளி, பிணம் என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். படப்பிடிப்பில் எல்லோரும் வாயார "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். வேஷம் என்று வந்தால் மட்டும் அவருடைய கறுப்புத்தான் முந்திக்கொண்டு நிற்கும்.

"சம்பந்தியம்மா என்னைத் திருடன் பொண்டாட்டின்னு கேலி பண்றாங்க. பேத்தியும் கூடச் சேர்ந்து சிரிக்கிறா. ஒரே ஒரு படத்துல அவ உங்கள வாத்தியாரா பார்க்கட்டும்னுதானே ஆசைப்பட்டேன்? போகாதீங்க."

"ஒத்துக்கிட்டாச்சும்மா."

கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அடிபட்ட இடத்திலேயே அடிபட்டால் எல்லாம் மரத்துத்தான் போகும்.

படப்பிடிப்புக்குப் போட்டிருந்த வகுப்பறையில், தலைமையாசிரியர் நாற்காலியில் சோப்பு விளம்பரத்தில் வரும் சிவத்த இளைஞன் உட்கார்ந்திருந்தான். காதோரம் நரை ஒட்டியிருந்தார்கள். சாக்பீஸைச் சிகரெட் மாதிரி பிடித்திருந்தான்.

"வாத்தியாரே, தம்பிக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார் இயக்குநர், கூச்சமே இல்லாமல்.

கடனே என்று சொல்லிக் கொடுத்தார். கடைசி பெஞ்சுக்காரனைப் பார்த்துப் பேச வேண்டும். பியூன் சுற்றறிக்கை கொண்டுவந்தால் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்க வேண்டும். இளைஞன் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டான்.

கேமரா ஓடியது. காக்கிச் சட்டையில் அவர் தாளோடு உள்ளே வந்தார். இளைஞன் எழுந்து நின்றான்.

"கட்! பியூனுக்கு ஏன் எந்திரிக்கிறே?"

"வாத்தியார்தான் சார் சொன்னாரு."

இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார். "எந்த ஹெட்மாஸ்டர் பியூனுக்கு எழுந்து நிப்பாரு?"

"நான் நின்னேன் சார். அவரு என்னைவிட வயசுல மூத்தவரு."

"அதான் உங்களுக்கு அந்த வேஷம் ஒட்டல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தலையும் குனியவில்லை.

அடுத்த முறை இளைஞன் சாய்ந்து உட்கார்ந்தபடியே, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், இடது கையை நீட்டித் தாளை வாங்கினான்.

"இப்பத்தாம்பா அசல் வாத்தியார்!" என்று கைதட்டினார் இயக்குநர்.