அறுபது மில்லி

தராசை மேசைமேல் வைத்து, நான்கு கால்களும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தட்டிப் பார்த்த பிறகுதான் அவர் குழந்தையைக் கேட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிருந்தது. நான் பார்சல் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிறவன். பதினோரு வருடமாகப் பொட்டலங்களை எடை போடுகிறேன். தராசு ஆடுகிறதா என்று பார்க்காமல் பொருளைத் தூக்கி வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர் தாய்ப்பால் ஆலோசகர். வீட்டுக்கே வந்து, தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை எப்படிக் கவ்வுகிறது, எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பவர். ஒவ்வொரு முறை வருவதற்கும் இவ்வளவு என்று கட்டணம். எங்கள் வீட்டில் அவருக்குத் 'தராசு மேடம்' என்று பெயர், அவர் இல்லாதபோது மட்டும்.

அவரைக் கூப்பிடலாம் என்று சொன்னது என் மனைவிதான். குழந்தை பிறந்து பத்தாம் நாள், மூன்று கிலோவாகப் பிறந்தவள் இரண்டே முக்காலில் நின்றாள். தொடை இரண்டும் பெரியவர்கள் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி, தோல் வேறு கால் வேறாக இருந்தன. மனைவியின் அக்காவுக்குப் போனில் விஷயம் தெரிந்ததும், "பால் குடுக்கறதுக்கு ட்யூஷனாடி? எனக்கெல்லாம் தானா வந்துச்சு" என்று சிரித்தாள். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ட்யூஷன் என்ற சொல்லைக் கேட்டு அழுத முதல் கணக்கு டீச்சர் அவளாகத்தான் இருப்பாள்.

முதல் முறை வந்தபோது தராசு மேடம் ஒன்றரை மணி நேரம் இருந்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் தலையணையை மூன்று விதமாக மாற்றி வைத்தார். குழந்தையின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். "உங்களுக்குப் பால் இருக்கு. இவளுக்கு இன்னும் வேலை பழகல, அவ்வளவுதான்" என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பால் பவுடர் டப்பா அலமாரியில் இருந்தது. என் மனைவி அதைக் காட்டி, "இதை என் கண்ணுல படாம வைக்கச் சொல்லுங்க மேடம், பாத்தாலே நான் தோத்துட்ட மாதிரி இருக்கு" என்றாள். "அது ஒண்ணும் விஷம் இல்லம்மா. தேவைப்பட்டா குடுக்கலாம். ஆனா எப்ப, எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்" என்றார் அவர். நான் டப்பாவைக் கொண்டுபோய்ச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை.

எனக்கு மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட். காலையெல்லாம் வீட்டில்தான் இருப்பேன். பத்து மணி வாக்கில் மனைவி குளிக்கப் போவாள். வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த இருபது நிமிடம்தான். அந்த நேரம் பார்த்துக் குழந்தை என் தோளில் கிடந்து வாயைத் தேய்க்கும். முதல் இரண்டு நாள் தாலாட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவளைக் கையில் ஏந்தியபோது, எடை கூடவில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. பொட்டலத்தைத் தொட்டதும் கிராம் கணக்கில் சொல்லும் கை இது. அந்தக் கையை நம்பி டப்பாவை எடுத்தேன். அறுபது மில்லி. மூன்று நிமிடத்தில் காலி. குழந்தை கண் சொருகித் தூங்கிப்போனாள், நான் புட்டியைக் கழுவித் துடைத்து டப்பாவோடு மறைத்து வைத்தேன். மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "அட, தூங்கிட்டாளா" என்றாள். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது.

இரண்டாம் முறை தராசு மேடம் வந்தபோது இருநூற்றைம்பது கிராம் கூடியிருந்தாள். ஒரு வாரத்துக்கு நல்ல கணக்கு. அதில் அறுபது, ஒரு மணி நேரம் முன்பு நான் புகட்டியது. என் கவுண்டரில் எடையைக் குறைத்துக் காட்டப் பொய் சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். கூட்டிக் காட்டப் பொய் சொன்னவன் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டான். குழந்தை அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை, குடிப்பதைப் பார்க்க முடியவில்லை. "நல்லாத் தூங்கறா, நல்லா ஏறியிருக்கா" என்று அவர் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பை நான் குழந்தை பிறந்ததிலிருந்து பார்க்கவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். "இருநூத்தம்பதுக்கா. அத்தனையும் என் பால்" என்றாள். அதைக் கேட்ட பிறகு எப்படி வாயைத் திறப்பது? நிறுத்தவும் பயம். நிறுத்தி, எடை இறங்கி, அந்தச் சிரிப்பும் போய்விட்டால்?

இன்றைக்கு மூன்றாம் முறை. மொத்த எடை இன்னும் நூற்று அறுபது கூடியிருந்தது. "இன்னிக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு குடிக்கறான்னு பாத்துடலாம்" என்றார். குடிப்பதற்கு முன் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை. நடுவில் துணி மாற்றக் கூடாது, நனைந்தாலும் கழற்றக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளே போன பால். குழந்தை ஏதோ மரியாதைக்காக வாயை வைத்தாள், பத்து நிமிடம் சப்பினாள், உறங்கிவிட்டாள். மேடம் திரும்பத் தராசில் வைத்தார். பன்னிரண்டு கிராம்.

மனைவியின் முகம் வாடிப்போனது. "போன வாரம் அத்தனை ஏறினாளே மேடம். எனக்குப் பால் வத்திப் போச்சா?" என்றாள். அவர் தராசைப் பார்த்தார், குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க எதுவும் இல்லை.

வழக்கமாக லிப்ட் வாசலில்தான் கட்டணக் கவரைக் கொடுப்பேன். மனைவி எதிரில் கொடுத்தால், தன்னால்தானே இந்தச் செலவு என்று அவள் வருந்துவாள். இன்று நீட்டிய கவரை அவர் வாங்கவில்லை. தராசுப் பையைத் தரையில் வைத்தார்.

"ஒரு வாரத்துல ஏறுனதும் இன்னிக்கு அவ குடிச்சதும் ஒத்துப்போகல. அது பசியோட இருந்த குழந்தை இல்ல, தம்பி."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், புட்டியை எங்கே ஒளித்து வைப்பேன் என்பது வரைக்கும். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க எனக்குக் காசு குடுக்கறது எடை போடறதுக்கு இல்ல. வீட்ல என்ன நடக்குதுன்னு பாத்துச் சொல்றதுக்கு. அதையே மறைச்சா நான் வந்து என்ன செய்ய? வயிறு நிறைஞ்சிருந்தா அவ எப்படி இழுப்பா? இழுக்காட்டி அங்க எப்படி ஊறும்? நல்லது செய்யறேன்னு நெனச்சு, அவங்க உழைப்புக்குக் குறுக்க நின்னிருக்கீங்க."

"அவ உடைஞ்சு போயிடுவா மேடம்."

"இப்ப உள்ள என்ன நெனச்சிட்டு உக்காந்திருக்காங்க? தன் உடம்பு வத்திப் போச்சுன்னு. அது மட்டும் பரவாயில்லையா?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வீட்டுக்கு அரை மணி இருக்கு. நான் இங்கயே நிக்கறேன். நீங்க போய்ச் சொல்லுங்க."

பதினைந்து அடி தூரம். லிப்டிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு அவ்வளவுதான்.

நான் சொல்லி முடிக்கும்வரை மனைவி குழந்தையின் காலுறையைச் சரி செய்துகொண்டிருந்தாள். சரியாக இருந்த காலுறை.

"எத்தன நாளா?"

"ஒம்பது நாள்."

"கொண்டு வாங்க."

டப்பாவையும் புட்டியையும் கொண்டுவந்து வைத்தேன். அவள் புட்டியை வெளிச்சத்தில் தூக்கி, அதில் இருந்த கோடுகளைப் பார்த்தாள். "அக்காகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா" என்றாள். குரல் உயரவில்லை. "அத்தனையும் என் பால்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க." அப்புறம் அழுதாள். அவள் தோளைத் தொடப் போய் என் கை பாதியில் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவளைத் தொட நான் யோசித்தது இன்றுதான்.

கதவு திறந்தே இருந்தது. தராசு மேடம் வந்து வாசலோரம் நின்றார். மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் குரல் வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"ஒரே தடவ. நீ குளிக்கறப்ப."

"ஒவ்வொரு தடவையும் எவ்வளவு?"

"அறுபது மில்லி. சத்தியமா."

"சத்தியம் வேண்டாம், கணக்க மட்டும் சொல்லுங்க." அவர் பக்கம் திரும்பினாள். "மேடம், இவ எடைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பால் வேணும்?"

"இப்படி ஏறணும்னா நானூத்தம்பதுக்குக் குறையாது."

மனைவியின் உதடு மட்டும் அசைந்தது. பரீட்சைத் தாளில் விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாதவனுக்கு அரை மதிப்பெண்தான் போடுவாள். இப்போது வழியைத் தானே இரண்டு முறை போட்டுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"அப்ப மிச்சம்?" என்றாள், சின்னக் குரலில்.

"வீட்ல வேற யாராவது குடுத்தீங்களா?" என்று தராசு மேடம் என்னைக் கேட்டார். நான் இரண்டு கையையும் விரித்தேன்.

"முந்நூத்தித் தொண்ணூறு" என்றாள் மனைவி. யாரிடம் என்றில்லை. மறுபடி, "முந்நூத்தித் தொண்ணூறு."

தராசு மேடம் நான் மறுபடி நீட்டிய கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலைல அந்த அறுபது வேண்டாம். அந்த நேரத்துக்கும் மார்லயே போடுங்க. நனையற துணிய மட்டும் எண்ணி வச்சு, சாயந்தரம் எனக்குச் சொல்லுங்க. குறைஞ்சா அப்பவே என்ன செய்யறதுன்னு பாப்போம், மூணு பேரும் சேர்ந்து. குடிக்கறப்ப விழுங்கற சத்தம் வருதான்னு காது குடுத்துக் கேளுங்க. மெல்ல, 'க்'குன்னு வரும்." போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாட்டை அவளும் எடுத்து வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன். ஒன்றே காலுக்குச் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை எழுந்து கத்தினாள். வீடே அதிரும்படி ஒரு கத்தல். அவளுக்கு இவ்வளவு குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. நான்தான் இத்தனை நாள் அதற்கு இடம் கொடுக்கவில்லையே. கதவோரம் நின்றேன். போகலாமா நிற்கலாமா என்று தெரியவில்லை.

கத்தல் சட்டென்று நின்றது. மனைவி குனிந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமல், "அந்த ஃபேன நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். கையால் ஜாடை காட்டினாள். போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். சட்டையில் இரண்டு பொத்தான்தான் போட்டிருந்தேன். அவள் என் பின்கழுத்தைப் பிடித்துக் குழந்தையின் தாடைப் பக்கம் என் காதைக் கொண்டுவந்தாள். விரல்கள் இறுக்கமாகத்தான் இருந்தன, கோபம் போயிருக்கவில்லை. தெருவில் வண்டி போகும் சத்தம். மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். என் இதயமே பெரிய சத்தமாக இருந்தது.

"கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் சிரிப்பாள்.

"கேக்கல" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. "இன்னும் கிட்ட வாங்க" என்றாள்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தேன். குழந்தையின் காது மடல் என் கன்னத்தில் பட்டது, சூடாக, அசைந்தபடி.